ஊர் கூடினால் தேர் நகருமா?

'ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்' என்று மேடைதோறும் சொல்கிறோம். அதைச் சொல்வதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரைக் காட்டிலும் தகுதியான ஊர்கள் தமிழ்நாட்டில் சிலவே இருக்கும். ஆடிப்பூரத்தன்று ஆண்டாளும் ரெங்கமன்னாரும் எழுந்தருளும் அந்தத் தேர் தமிழகத்தின் மிகப் பெரிய தேர்களுள் ஒன்று. அது நிலைக்குத் திரும்ப முன்னாளில் நாட்கணக்கில் ஆகும் என்றும், சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்து ஆட்கள் கட்டுச்சோற்றோடு வந்து வடம் பிடிப்பார்கள் என்றும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். இன்று இரும்புச் சக்கரமும் நீரழுத்தத் தடையும் பூட்டப்பட்டுத் தேர் விரைவாகவே வலம் வந்துவிடுகிறது. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. ஆயிரம் பேர் வடத்தைப் பிடித்திருக்கிறார்களே, ஆயிரம் பேருமா இழுக்கிறார்கள்?

இது குறும்புக்காகக் கேட்கும் வினா அன்று. மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் 1880-களில் இதையே சோதித்துப் பார்த்தார். முடிவுகளை 1913-இல் வெளியிட்டார். கயிற்றின் ஒரு முனையில் இழுவிசையை அளக்கும் கருவி, மறுமுனையில் மனிதர்கள். ஒருவர் தனியாக இழுத்தபோது 63 கிலோ காட்டிய கருவி, மூவர் சேர்ந்து இழுத்தபோது 160 கிலோ காட்டியது. எட்டுப் பேர் இழுத்தபோது 248 கிலோதான். எட்டுப் பேருக்கு 504 கிலோ வந்திருக்க வேண்டும் அல்லவா? பாதிகூட வரவில்லை. எண்ணிக்கை கூடக் கூடத் தலைக்கு வரும் இழுப்புக் குறைந்துகொண்டே போயிற்று.

ஒருவர் இழுக்கும் கணத்தில் இன்னொருவர் மூச்சு வாங்கியிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அந்த ஐயம் ஆராய்ச்சியாளர்களுக்கும் இருந்தது. 1974-இல் அமெரிக்காவில் இங்கம் என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு தந்திரம் செய்தனர். சோதனைக்கு வந்தவரின் கண்களைக் கட்டி, கயிற்றின் முன்னிடத்தில் நிறுத்தி, பின்னால் பலர் இழுப்பதாக நம்பவைத்தனர். உண்மையில் பின்னால் நின்றவர்கள் இழுக்கவே இல்லை. அப்போதும் அவருடைய இழுப்புக் குறைந்தது! ஆகவே குறைந்தது ஒத்திசைவு மட்டும் அன்று, முயற்சியும் குறைந்தது. 1979-இல் லடானே, வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ் ஆகிய மூவர் கைதட்டச் சொல்லியும் கத்தச் சொல்லியும் இதே முடிவைக் கண்டனர். இரண்டாண்டுகளுக்குப் பின் அதே மூவர் செய்த சோதனைதான் நமக்கு முக்கியம். கூட்டத்தில் கத்தினாலும் ஒவ்வொருவர் குரலும் தனித்தனியே அளக்கப்படுகிறது என்று தெரிந்தவுடன் அந்தச் சோம்பல் மறைந்துவிட்டது. ஆட்கள் மாறவில்லை. அவரவர் பங்கு கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

மனிதர் தனித்தும் கூடியும் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதை ஊகத்தால் அன்றிச் சோதனையாலும் கணக்கெடுப்பாலும் அறிய முயலும் துறைகளை, அதாவது உளவியல், சமூகவியல், மானிடவியல், பொருளியலின் ஒரு பகுதி ஆகியவற்றை, ஒருங்கே நடத்தை அறிவியல் என்பர். மேலை நாட்டுச் சரக்கு என்று இதை ஒதுக்க வேண்டியதில்லை. நம் பாட்டிமார் சொன்ன கதை ஒன்று இருக்கிறது. இரவோடு இரவாக ஆளுக்கு ஒரு குடம் பால் கொண்டுவந்து தொட்டியில் ஊற்ற வேண்டும் என்று அரசன் ஆணையிட்டான். விடிந்து பார்த்தால் தொட்டி நிறையத் தண்ணீர். 'எல்லாரும் பால் ஊற்றும்போது நான் ஒருவன் தண்ணீர் ஊற்றினால் என்ன தெரியப்போகிறது' என்று எல்லாருமே நினைத்தார்கள். ரிங்கல்மன் கயிற்றை வைத்துச் சொன்னதைப் பாட்டி பாலை வைத்துச் சொன்னாள்.

அந்தப் பால், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏன் தண்ணீராகவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவுக்குப் பின்னால் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இருக்கிறது. பால் கூட்டுறவின் இயக்கம் எளியது. ஊற்றுகிற பால் உறுப்பினரின் கண் முன்னால் அளக்கப்படுகிறது, தரம் பார்க்கப்படுகிறது, அளவு அவர் பெயரில் பதிவாகிறது. எல்லாம் ஒரே பாத்திரத்தில் கலந்தாலும் யார் ஊற்றியது எவ்வளவு என்பது ஏட்டில் இருக்கிறது. அரசன் தொட்டியருகே ஓர் அளவுக் குவளையும் ஒரு கணக்குப் பிள்ளையும் வைத்திருந்தால் அந்தக் கதையே பிறந்திராது.

இனிச் சமூக மேம்பாட்டுக்கு வருகிறேன். 1952 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. ஐந்தாண்டு கழித்து, 1957-இல், பல்வந்த்ராய் மேத்தா குழு அதை ஆராய்ந்து, மக்களின் தாமான முன்முயற்சியை அத்திட்டம் எழுப்பத் தவறியதைச் சுட்டிக்காட்டியது. அதன் பயனாகவே பஞ்சாயத்து ராஜ் பிறந்தது. தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் நாம் எழுதும் விடை: 'மக்களிடையே விழிப்புணர்வு இல்லை.' இந்த விடைக்கு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் இதை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமுக்காக, இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே மலையடிவாரத்தை ஒட்டிய ஒரு சிற்றூருக்கு எங்கள் அணி சென்றது. கண்மாய்க்கு நீர் வரும் வரத்துக்கால்வாயைத் தூர்வாருவது பணி. முதல் மூன்று மாலைகளும் ஒலிபெருக்கி வைத்துச் சொற்பொழிவு நடந்தது. நீரின் அருமை, ஒற்றுமையின் வலிமை எல்லாம் பேசப்பட்டன; ஊரார் கைதட்டவும் செய்தனர். காலையில் மண்வெட்டியோடு நின்றவர்கள் பெரும்பாலும் மாணவர்களே. நான்காம் நாள், கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஊருக்குன்னு சொன்னா ஒருத்தனும் வரமாட்டான். இது உன் பாகம்னு கயித்தைப் போட்டுக் காட்டு. விடியறதுக்குள்ள வெட்டிட்டுப் போயிருவான்."

அவர் சிறுவனாக இருந்த காலத்தில் ஆயக்கட்டில் யாருக்கு எத்தனை ஏக்கரோ அதற்கேற்பக் கால்வாயை முழம் போட்டுப் பங்கு பிரிப்பார்களாம். பங்கு தொடங்கும் இடத்தில் ஒரு கல், முடியும் இடத்தில் ஒரு கல். அன்று மாலை சொற்பொழிவு நடக்கவில்லை. ஆயக்கட்டுக்காரர்களை வேப்பமரத்தடியில் வட்டமாக உட்காரவைத்து, அவர் சொன்னபடியே கயிறு பிடித்து, ஒவ்வொருவர் பாகத்தையும் அவரவர் வாயாலேயே ஒப்புக்கொள்ளச் செய்தோம். ஆறாம் நாள் அந்தியில் பெரும்பகுதி வெட்டி முடிந்திருந்தது. இரண்டு பாகங்கள் மட்டும் புல்லோடு கிடந்தன. ஒன்று திருப்பூரில் பனியன் தொழிற்சாலைக்குப் போய்விட்டவருடையது. மற்றொன்று, சொந்தமாக ஆழ்துளைக் கிணறு வைத்திருந்தவருடையது.

வட்டமாக உட்காரவைத்ததிலும் ஒரு பொருள் இருப்பதைப் பின்னர் நூலகத்தில் படித்தபோது அறிந்தேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கர்ட் லெவின் என்ற உளவியலறிஞர், அமெரிக்க இல்லத்தரசிகள் ஈரல், இதயம் போன்ற விலை குறைந்த இறைச்சியைச் சமைக்கச் செய்வது எப்படி என்று ஆராய்ந்தார். ஒரு சாராருக்கு நல்ல சொற்பொழிவு. மறு சாராரைச் சிறு குழுவாக அமரவைத்துத் தாமே பேசி, 'நான் செய்கிறேன்' என்று கை தூக்க வைத்தார். சொற்பொழிவு கேட்டவர்களில் நூற்றுக்கு 3 பேர் சமைத்தனர். கூடிப் பேசி முடிவெடுத்தவர்களில் நூற்றுக்கு 32 பேர். ஒலிபெருக்கி வாடகைக்குச் செலவழிப்போர் இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பெரியவர் சொன்ன வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. இவ்வளவையும் அரசன் ஒருவனே ஆள் வைத்துப் பராமரித்திருக்க முடியாது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த வழக்கம் தளர்ந்தது. 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று கொண்டுவந்தும் அதைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. சட்டம் ஆளைக் கொண்டுவரும். 'என் பாகம்' என்ற எண்ணத்தைக் கொண்டுவராது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தை 100 கோடி ரூபாயில் தொடங்கி, ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கங்களைப் பணியில் சேர்த்தது. பெயர் பழையது. கல் நட்டு முழம் போட்ட பழைய முறையும் ஊர்தோறும் உடன் வந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

புல்லோடு கிடந்த அந்த இரண்டாவது பாகத்தைப் பற்றியும் ஒரு சொல். தனிக் கிணறுகள் பெருகும்போது கண்மாயைக் கூடிப் பராமரிக்கும் வழக்கம் குன்றுகிறது என்பதைத் தமிழகத்தின் வேளாண் பொருளியலறிஞர்கள் ஆராய்ந்து எழுதியுள்ளனர். கண்மாயில் நீர் நின்றால்தான் கிணற்றில் ஊறும். ஆனால் அந்தத் தொடர்பு மண்ணுக்கடியில் மறைந்து கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பயனுக்கு யாரும் மண்வெட்டி எடுப்பதில்லை. 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார், உலகெங்கும் நூற்றாண்டுகளாக நிலைத்து நிற்கும் பொதுச் சொத்துகளை ஆராய்ந்து 1990-இல் ஒரு நூல் எழுதினார். யாருக்கு உரிமை, யாருக்கு எவ்வளவு கடமை என்ற எல்லை தெளிவாக இருக்கும் இடத்திலும், பயன்படுத்துவோரே கண்காணிக்கும் இடத்திலும், தவறினால் முதலில் சிறிய தண்டனையும் பின்னர் பெரிய தண்டனையும் என்று படிப்படியாக இருக்கும் இடத்திலும் அவை வாழ்கின்றன என்பது அவர் கண்ட முடிவுகளுள் சில. வேப்பமரத்தடியில் இதைக் கேட்டால் அந்தப் பெரியவர் 'இதுக்கா பரிசு கொடுத்தாங்க?' என்பார்.

கையால் செய்யும் பங்கைப் போலவே வாயால் செய்யும் பங்கும் உண்டு. அதன் இடம் கிராமசபை. ஊரின் மக்கள்தொகைக்கேற்ப இத்தனை பேர் வந்தால்தான் சபை செல்லும் என்று விதி இருக்கிறது: 500 பேர் வரையுள்ள ஊருக்கு 50 பேர், 10,000-க்கு மேற்பட்ட ஊருக்கு 300 பேர். வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் கைரேகையும் நிறைந்துவிட்டால் மக்கள் பங்கேற்றார்கள் என்று எழுதிவிடலாம். காந்தி பிறந்த நாளன்று அந்தச் சிற்றூரின் கிராமசபைக்குச் சென்று ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களில் பெரும்பாலோர் நூறு நாள் வேலைக்குப் பதிந்திருந்த பெண்கள். ஆண்கள் முன்னால் நாற்காலியில். பெண்கள் பின்னால் தரையில். ஒலிவாங்கி முன்வரிசையைத் தாண்டவில்லை. ஓர் அம்மா எழுந்து, தெருக் குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது என்றார். "பார்க்கலாம்மா, உட்காருங்க" என்று பதில் வந்தது. கால் மணி நேரம் கழித்து அதே தெருவைச் சேர்ந்த ஓர் ஆடவர் அதே குறையைச் சொன்னார். அது குறிப்பேட்டில் ஏறியது.

தற்செயலாக நேர்ந்தது என்று இதை விட்டுவிட முடியவில்லை. ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகிய மூவர், தமிழ்நாட்டுக் கிராமசபைகளில் பேசப்பட்டதைச் சொல்லுக்குச் சொல் எழுத்தில் பெயர்த்து ஆராய்ந்து, 2019-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பெண்கள் பேசும் வாய்ப்புக் குறைவு. எதைப் பேசுவது என்பதை அவர்கள் தீர்மானிக்கும் வாய்ப்புக் குறைவு. பேசினாலும் அதிகாரிகளிடமிருந்து பொருத்தமான விடை பெறும் வாய்ப்பும் குறைவு. பெண் தலைவர் உள்ள ஊர்களில் பெண்கள் கூடுதலாகப் பேசினார்கள் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் பேசியவர்களுக்குச் செவி கிடைத்தது! தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கியது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். 'பெயருக்குத் தலைவி, பின்னால் கணவன்' என்று கேலி பேசுவோர் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும். கேலியில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. செவி கிடைப்பது சிறிய விஷயம் அன்று என்கிறேன். கிராமசபை வெறும் சடங்கு என்போருக்கும் ஒரு விடை உண்டு. பெஸ்லி, ரோகிணி பாண்டே, விஜயேந்திர ராவ் ஆகியோர் தென்னிந்திய ஊர்களில் நடத்திய ஆய்வு 2005-இல் வெளிவந்தது. சபை கூடிய ஊர்களில் நிலமற்றோருக்கும் எழுத்தறிவற்றோருக்கும் அரசின் உதவி கூடுதலாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

வாக்களிப்பைப் பற்றிய ஆராய்ச்சி ஏராளம். சிலவற்றை மட்டும் தொட்டுச் செல்கிறேன். 1998-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் கெர்பர், கிரீன் ஆகியோர் நடத்திய சோதனையில், வீடு தேடிச் சென்று நேரில் பேசியது வாக்குப்பதிவை நூற்றுக்கு 9 அளவுக்கு உயர்த்தியது. அஞ்சலில் சென்ற துண்டறிக்கை ஒன்றுகூட உயர்த்தவில்லை. தொலைபேசி அழைப்பு ஒரு பயனும் தரவில்லை. சுவிட்சர்லாந்தில் வீட்டிலிருந்தே அஞ்சலில் வாக்களிக்க வசதி செய்தபோது, சிறிய ஊர்களில் பதிவு உயர்வதற்கு மாறாகக் குறைந்தது என்று பத்ரீசியா ஃபங்க் என்பவர் கண்டார். சாவடிக்குப் போவதை அண்டை அயலார் பார்ப்பதும் போவதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கிறது. 1962 பொதுத் தேர்தலிலிருந்து நம் விரலில் வைக்கப்படும் மையைக் கள்ள வாக்கைத் தடுக்கும் கருவி என்று மட்டுமே நினைக்கிறோம். மறுநாள் தேநீர்க் கடையில் விரலைப் பார்த்து 'என்ன, ஓட்டுப் போடலையா?' என்று கேட்கவைப்பதும் அந்த மைதான்.

இந்தக் கண்காணிப்பை எல்லை வரை கொண்டுசென்ற சோதனையும் உண்டு. 2006-இல் மிச்சிகன் மாநிலத்தில், 'உங்கள் தெருவில் யார் யார் வாக்களித்தார்கள் என்ற பட்டியல் இதோ. தேர்தலுக்குப் பின் இன்னொரு பட்டியல் அனுப்புவோம்' என்று வீடுகளுக்குக் கடிதம் போயிற்று. கடிதம் பெறாதவரிடையே நூற்றுக்கு 29.7 ஆக இருந்த பதிவு, பெற்றவரிடையே 37.8 ஆயிற்று. எண்ணைப் பார்த்து மயங்கி இதை அப்படியே இங்கு இறக்குமதி செய்யக் கூடாது என்பது என் துணிபு. அண்டை வீட்டார் கண் என்பது நம் ஊர்களில் பல நேரம் சாதியின் கண். வெட்கப்படுத்தும் கருவி யார் கையில் இருக்கிறது என்று பார்க்காமல் அதைக் கொடுத்துவிட முடியாது.

நம் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. 1996-இல் ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டபோது, விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகாச்சியேந்தலிலும் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களிலும் பத்தாண்டுக் காலம் முறையான தலைவர் அமர முடியவில்லை. வேட்பு மனு போடுவதே ஊர்க் கட்டுப்பாட்டுக்கு எதிரானது; மீறி வென்றாலும் பதவி விலக வேண்டும். ஊர் கூடித்தான் அதையும் செய்தது! 2006-இல்தான் அங்கெல்லாம் தேர்தல் நிலைபெற்றது. அப்போது மதுரை ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் அவ்வூர்களுக்கே சென்று மக்களோடு பேசியது செய்தியாயிற்று. தேரைப் பற்றியும் இதே கதை உண்டு. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் வடம் பிடிக்கும் உரிமை யாருக்கு என்ற சிக்கல் நீதிமன்றம் வரை சென்றது. ஆண்டுக்கணக்கில் நின்றுபோன தேர் 2024 ஜூனில் மீண்டும் ஓடியது. ஆகவே 'ஊர் கூடி' என்று சொல்லும்போது ஊர் என்பது யார் என்ற கேள்வியை முதலில் கேட்டுவிட வேண்டும். ரிங்கல்மன் கயிற்றைப் பிடித்தவர்களை அளந்தார். கயிற்றைத் தொடவே விடப்படாதவர்களை அளக்க அவரிடம் கருவி இல்லை.

கடைசியாக நகரம். 2011 கணக்கெடுப்பின்படி இராஜபாளையத்தில் 1,30,442 பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் 75,396 பேர். சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த ஊர் இராஜபாளையம். எனவே பொதுக் காரியம் இங்கே புதிதன்று. நகர்ப்புறத்துக்குக் கிராமசபை போல ஒன்று இல்லையே என்ற குறையைப் போக்க, பகுதி சபா என்ற அமைப்பு வந்து, 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் முதன்முதலாகக் கூடியது. என் தெருவில் விசாரித்துப் பார்த்தேன். பெரும்பாலோர் அதைக் கேள்விப்படவே இல்லை. கேள்விப்பட்ட ஒருவர் நூற்பாலைத் தொழிலாளி. "பகல்ல கூட்டம் போட்டா ஷிப்டுல இருக்கிறவன் எப்படிப்பா வருவான்?" என்றார். 1936-இல் இராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய நாள் முதலாக ஊரே மூன்று வேளைச் சங்குக்கு உறங்கி எழுகிறது. கூட்டம் மட்டும் அலுவலக நேரத்தில். விழிப்புணர்வு இல்லை என்று அவர் மேல் எழுதினால் அது நியாயமா?

நம் கல்லூரிப் பொருளியல் துறைக்கும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவருக்கும் என் விண்ணப்பம் ஒன்று உண்டு. அடுத்த பகுதி சபாவுக்கு முன் ஒரு வார்டில் இருபது தெருக்களை எடுத்துக்கொள்வோம். குலுக்குச் சீட்டுப் போட்டுப் பத்துத் தெருக்களுக்கு வழக்கம்போல் அறிவிப்பு மட்டும் ஒட்டுவோம். மற்றப் பத்தில் வீட்டுக்கு வீடு இருவராகச் சென்று, 'உங்கள் தெருவுக்கு என்ன வேண்டும்' என்று கேட்டு, சொன்னதைச் சொன்னவர் முன்னிலையிலேயே எழுதி, 'சபையில் நீங்களே இதைப் படிக்கிறீர்களா' என்று கேட்போம். சாதி, கட்சி, பெயர் எதுவும் பதிய வேண்டாம். தெருவும் ஆணா பெண்ணா என்பதும் போதும். கூட்டத்தன்று எந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர் வந்தனர், யார் பேசினர், யாருக்கு விடை கிடைத்தது என்று வாசலில் ஒருவரும் உள்ளே ஒருவரும் இருந்து எழுதிக்கொள்ளட்டும். ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு மேல் செலவில்லை. அந்தச் சீட்டைக் குலுக்க, மில் சங்கு ஊதி ஷிப்டு முடிந்தபின் ஒரு மாலை நேரத்தை எங்கள் வகுப்பு ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருக்கிறது.